குருதியின் மேல் ஏற்றிய பழி

பெல்லாக்ரா என்னும் நோயின் பெயரை இன்று மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே கேட்பது அரிது. நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து, தடித்து, கறுத்து உரியும். வயிறு ஓயாது கழியும். பின்னர் அறிவு கலங்கும். உறக்கமின்மையிலும் காரணமற்ற அச்சத்திலும் தொடங்கி, இல்லாத குரல்களைக் கேட்டு, பிதற்றி, தன்னிலை மறந்து நோயாளி மடிவார். தென்மாநில மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்தோரில் கணிசமானவர்கள் இந்நோயால் சித்தம் கலங்கியவர்களே. நோய் பெரும்பாலும் ஏழைகளையே நாடியது. ஒரு வீட்டில் நுழைந்தால் தாய், மகள், பேத்தி என்று வரிசையாகப் பற்றியது.

அந்த வரிசையைக் கண்டு முடிவுக்கு வந்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் டேவன்போர்ட். நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் தொடங்கிய இனமேம்பாட்டுப் பதிவகத்தின் தலைவர். அந்நாளைய அமெரிக்க உயிரியலில் பெரும்பெயர் பெற்றவர். தென் கரோலைனாவின் ஸ்பார்ட்டன்பர்க் வட்டாரத்துக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் திரட்டச் செய்து, 1916இல் தம் கருத்தை வெளியிட்டார். நோய்க்குக் கிருமி ஒன்று இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட அவர், அது யாரைப் பற்றும், எவ்வடிவில் பற்றும் என்பதைக் குருதிவழியே தீர்மானிக்கிறது என்று எழுதினார்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அதே நோயைத் தேடி அதே மாநிலங்களில் அலைந்துகொண்டிருந்தார். ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் வந்தவர். 1914இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஓர் அனாதை இல்லத்தைப் பார்வையிட்டபோது, வம்சாவளிப் படம் எதுவும் காட்டாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே நோய் பெரிதும் பற்றியிருந்தது. அவர்களைவிடச் சிறியவர்கள் தப்பினர்; பெரியவர்களும் தப்பினர். காரணம் அடுக்களையில் இருந்தது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பால் கிடைத்தது. வேலை செய்யும் வயதுடையவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. பாலுக்கு வயது கடந்துவிட்ட, உழைப்புக்கு வயது வராத நடுப்பிள்ளைகளுக்கு மக்காச்சோளக் கூழும் வெல்லப்பாகும் மட்டுமே. மனநோய் விடுதிகளிலோ நோயாளிகளுக்கு வந்த பெல்லாக்ரா, அவர்களோடு இரவும் பகலும் பழகிய பணியாளர்களுக்கு வரவில்லை. ஒரே கூரை, வேறு வேறு உணவு.

1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப்பண்ணையில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன் பேரில் முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளமும் அரிசியும் பாகுமாகவே உணவளித்தார் கோல்ட்பெர்கர். சில திங்களில், இறுதிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் தோன்றியது. கைதியின் ஒப்புதலை விடுதலையால் வாங்கிய இச்சோதனையை இன்றைய அறவுணர்வு ஏற்காது. ஆனால் தம்மையும் அவர் விலக்கி வைத்துக்கொள்ளவில்லை. தொற்று என்று வாதிட்டவர்களை மறுக்க, 1916இல் நோயாளிகளின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். அவர்களின் தோற்செதிலை மாவில் பிசைந்து விழுங்கினார். உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்தே அதைச் செய்தனர்; அவர் மனைவியும் நோயாளியின் குருதியைச் செலுத்திக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

அதே ஆண்டில் எட்கர் சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளியலாளரைத் துணைகொண்டு, தென் கரோலைனாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். எந்த வீட்டில் எவ்வளவு வருவாய், எவ்வளவு பால், எவ்வளவு புதிய இறைச்சி என்று எழுதியபோது நோயின் முகம் தெளிந்தது. வருவாய் குறையக் குறைய நோய் கூடியது. வளர்ந்தோரில் பெண்களையே அது மிகுதியாகத் தாக்கியது. வீட்டுக்கு வந்த சிறிது பாலும் இறைச்சியும் பிள்ளைக்கும் உழைக்கும் ஆணுக்கும் போனபின் பெண்ணின் தட்டில் கூழே மிஞ்சியது. டேவன்போர்ட் குருதி என்று படித்த வரிசை உண்மையில் கூலியின் வரிசை. தாயும் மகளும் பகிர்ந்துகொண்டது ஒரே அடுப்பை. கோல்ட்பெர்கர் 1929இல் இறந்தார். எந்தச் சத்துக் குறைவு என்பதை அவர் அறியவில்லை. அது நியாசின் என்பதை 1937இல் கான்ராட் எல்விஜெம் கண்டார். அதன்பின் அலபாமாவிலும் பிற இடங்களிலும், பல திங்களாகப் பிதற்றிக் கிடந்தவர்கள் நியாசின் கொடுத்த சில நாட்களிலேயே தெளிந்து தம்மவரை அடையாளம் கண்டனர்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மனநோய்க்கு மரபும் சூழலும் எவ்வாறு காரணமாகின்றன என்ற வினாவுக்கு விடை தேடும் ஒவ்வொரு தலைமுறையும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறது. குருதிமேல் பழி விழுந்த மறுகணமே கூலியைப் பற்றியும் உணவைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிப்போகின்றன. மரபின் பங்கை மறுப்பது நம் நோக்கம் இல்லை, அது மெய். அந்த மெய்யைக் காட்டி அரசும் சமூகமும் தம் கடனைத் தட்டிக்கழிக்க இடமில்லை என்பதே நாம் கூற வந்தது.

மனச்சிதைவு நோயில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இந்த எண்ணைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் மருத்துவத்தில் வேறொன்று இருப்பது அரிது. ஒருவரின் நோயில் ஐந்தில் நான்கு பங்கு குருதியிலிருந்து வந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சூழலில் வாழும் மக்களிடையே ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத வேறுபாட்டில் மரபு வேறுபாட்டோடு இணைந்து நிற்கும் பகுதி எவ்வளவு என்பதையே அது சொல்கிறது. பஞ்சாலைக் கிராமம் ஒன்றில் எல்லா வீட்டிலும் ஒரே கூழ் என்று கொள்வோம். அப்போது யாருக்கு நோய் வரும் என்பதை, கிடைக்கும் சிறிது சத்தை யாருடைய உடல் நன்கு பயன்படுத்துகிறது என்பது தீர்மானிக்கும். உடலின் அந்தத் திறன் மரபால் வருவது. கணக்கிடுபவர் மரபின் பங்கு மிகமிக உயர்வு என்றே எழுதுவார். எழுதியது பிழையும் ஆகாது. ஆயினும் ஒரு குவளைப் பாலில் நோய் மறைந்துவிடும். மரபின் பங்கு உயர்ந்திருப்பதற்கும் மருந்து சூழலில் இருப்பதற்கும் முரண் ஏதுமில்லை.

டேவன்போர்டின் பதிவகம் பெல்லாக்ராவோடு நின்றிருந்தால் அறிவியலின் பழைய பிழைகளில் ஒன்றாக அது மறக்கப்பட்டிருக்கும். அதன் கண்காணிப்பாளர் ஹாரி லாஃப்லின் மனநோயாளரையும் அறிவுக்குறைவுடையோர் என்று முத்திரையிடப்பட்டவரையும் மலடாக்க மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்தார். வர்ஜீனியா மாநிலம் அதைத் தழுவிச் சட்டம் இயற்றியது. 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் சரியென்றது. தாய், மகளான கேரி, பேத்தி மூவருமே அறிவுக்குறைவுடையோர் என்பது அரசின் வாதம். வழக்கு தொடங்கியபோது பேத்தி கைக்குழந்தை. பின்னாளில் அவள் பள்ளிக்குச் சென்று, நன்கு படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்தாள். அமெரிக்கா முழுவதிலும் 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மலடாக்கப்பட்டனர்.

ஜெர்மனியில் 1933 ஜூலையில் நாஜிகள் கொணர்ந்த சட்டம் இந்த மாதிரியை அறிந்தே எழுதப்பட்டது. மலடாக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மனச்சிதைவையும் இருமுனை மனநோயையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின், மனநோய் மரபியலில் உலகம் மதித்த ஆய்வாளர். ஏறத்தாழ 4,00,000 பேர் மலடாக்கப்பட்டனர். 1940, 1941 ஆண்டுகளில் மட்டும் 70,000 நோயாளிகள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். பட்டினியாலும் ஊசியாலும் கொலை போர் முடியும்வரை தொடர்ந்தது. ஒரு நாட்டின் மனச்சிதைவு நோயாளரில் மிகப் பெரும்பாலோர் இவ்வாறு அழிக்கப்பட்டனர் அல்லது மலடாக்கப்பட்டனர். போருக்குப் பின் அந்நாட்டில் புதிதாக நோயுறுவோரின் வீதம் குறைந்ததா என்று பின்னாளைய ஆய்வாளர்கள் பார்த்தனர். குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதற்கு விடை இன்று கிடைத்திருக்கிறது. மனச்சிதைவுக்கு இதுதான் மரபணு என்று சுட்ட ஒன்றுமில்லை. பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2014இல் மரபுத்தொகுதியில் 108 இடங்களை இந்நோயோடு தொடர்புடையனவாகக் கண்டது. 2022இல் அவை 287 ஆயின. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. அவற்றின் கூறுகளை நோயுற்றவர், நோயற்றவர் என்ற வேறுபாடின்றி நாம் எல்லோருமே ஏந்தி நிற்கிறோம்; சிலரிடம் சற்றுக் கூடுதல், சிலரிடம் சற்றுக் குறைவு. நோய்க்கு ஆளாகும் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டும் அரிய மரபணு இழப்புகள் சில உண்டு. அவற்றுள்ளும் பல, பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுபவை. கொன்றொழித்துத் தூய்மைப்படுத்தத்தக்க தனிக் குருதி எங்கும் இருந்ததில்லை.

குருதியைப் பழித்து நேர்ந்த பேரழிவைக் கண்டபின், போருக்குப் பிந்தைய மருத்துவம் மறுமுனைக்கு ஓடியது. இம்முறை பழி தாயின் மேல் விழுந்தது. பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு வகையை ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இல் எழுதினார். ஆட்டிசம் தாயின் அன்பின்மையால் வருவது என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வந்த தம் நூலால் பரப்பினார். நோயுற்ற பிள்ளையைக் காக்க இரவெல்லாம் விழித்திருந்த பெண்கள், நோய்க்குக் காரணமே நீங்கள்தாம் என்று மருத்துவரின் வாயால் கேட்டனர். 1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் நடத்திய இரட்டையர் ஆய்வு ஆட்டிசத்தில் மரபின் வலிய பங்கைக் காட்டியபோதுதான் அப்பழி அகலத் தொடங்கியது. மரபியல் இங்கே ஒடுக்கப்பட்டோர்க்கு விடுதலை தந்தது. அதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்தத் தாய்மார்களின் அறிவுக்கு வேறொரு சான்று நார்வேயில் கிடைக்கிறது. ஒரு தாய், தம் இரு பிள்ளைகளும் அறிவு வளராமல் இருப்பதையும் அவர்களின் சிறுநீரில் வேற்று வாடை வீசுவதையும் கண்டு, மருத்துவர் மருத்துவராக ஏறியிறங்கினார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் அந்தச் சொல்லை மதித்துச் சிறுநீரைச் சோதித்தார். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் வெளிப்பட்டது. முழுக்க முழுக்க மரபு நோய். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் உண்டாவது. பெல்லாக்ராவுக்கு நேர் எதிர். ஆனால் 1950களில் ஹார்ஸ்ட் பிக்கல் கண்ட மருந்து என்ன? உணவு. ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்து ஊட்டினால் மூளை பழுதுறாமல் வளர்கிறது. 1960களில் ராபர்ட் கத்ரி வகுத்த, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளிக் குருதியில் நோயறியும் முறை பரவியபின், அறிவிழந்து விடுதியில் முடிந்திருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். விதி என்று கருதப்பட்ட மரபு ஓர் உணவுப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டது.

மனச்சிதைவு இவ்விரண்டு போல எளிதில் பிடிபடும் நோயன்று. அதன் மரபுப் பங்கை உறுதிசெய்தவை தத்து ஆய்வுகள். நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை லெனர்ட் ஹெஸ்டன் ஆராய்ந்து 1966இல் வெளியிட்டார். ஐவருக்கு நோய் வந்திருந்தது. ஒப்பிடப்பட்ட 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் நோயுற்றால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. மரபணு ஒன்றே; வாழ்வு இரண்டு. பின்லாந்தில் பெக்கா டீனாரி நெடுங்காலம் நடத்திய ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. நோயுற்ற தாயருக்குப் பிறந்து தத்துப் போன பிள்ளைகளில், அமைதியும் தெளிவும் நிலவிய வீடுகளில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருந்தனர். பூசலும் குழப்பமும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடையே இவ்வகை நோய்கள் மிகுந்தன. மரபால் அத்தகைய வாய்ப்பில்லாத பிள்ளைகளை அதே பூசல் இந்நோய்க்குள் தள்ளவில்லை. மரபும் சூழலும் தனித்தனியே நின்று கூடுவதில்லை. ஒன்றின் வலிமை மற்றொன்றின் கையில் இருக்கிறது.

சூழல் என்பது பிறந்தபின் தொடங்குவதுமன்று. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்தை மறித்தது. நகர மக்களுக்குக் கிடைத்த பங்கீடு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் துலிப் மலரின் கிழங்கைத் தின்றனர். அப்பட்டினியின் உச்சத்தில் கருவானவர்கள் வளர்ந்தபோது அவர்களிடையே மனச்சிதைவு இருமடங்காக இருந்ததை எஸ்ரா சஸ்ஸரும் உடனாய்வாளர்களும் 1990களில் காட்டினர். சீனாவின் 1959-61 பெரும்பஞ்சம் அதையே மீண்டும் சொன்னது. ஆன்ஹுய் மாநிலத்தின் ஊஹு வட்டாரத்தில் 1959இல் பிறந்தோரிடையே 0.84 விழுக்காடாக இருந்த நோய், 1960இல் பிறந்தோரிடையே 2.15 விழுக்காடாக உயர்ந்தது. ஒன்று ஆக்கிரமிப்பு ஆட்சியின் ஆணை, மற்றொன்று ஓர் அரசின் கொள்கை. இரண்டும் பிறவாத குழந்தையின் மூளைவரை சென்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆய்விலிருந்து வந்த ஒரு கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. செரட்டோனினைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் ஒரு வடிவம் உடையவர்கள் வாழ்வில் துன்பம் நேரும்போது மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாவர் என்று அது கூறியது. மரபும் சூழலும் கைகோக்கும் அழகிய சான்றாகப் பாடநூல்களில் ஏறியது. பல லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2019இல் வந்த ஆய்வு, அந்த மரபணுவுக்கோ அதுபோல் முன்னர் பெயர் சொல்லப்பட்ட மற்றவற்றுக்கோ அத்தகைய விளைவு தென்படவில்லை என்றது. துன்பம் மனச்சோர்வைக் கூட்டுகிறது என்பது மட்டும் அசையாமல் நின்றது. நமக்கு உகந்த முடிவாயினும் சான்று போதாதபோது அதைக் கைவிடுவதே நேர்மை.

நம் நாட்டிலும் இவ்வினா அந்நியமானதன்று. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஐதராபாத் ஆய்வகத்தில் இருந்தபடி தக்காணத்து ஏழை உழவுத் தொழிலாளரிடையே கண்ட பெல்லாக்ராவை ஆராய்ந்தார். சோளத்தையே நம்பி வாழ்வோருக்கு அது வருவதையும் சோளத்திலுள்ள லூசின் மிகுதி அதற்குத் துணைபோகலாம் என்பதையும் 1960 முதல் எழுதினார். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு இணைந்து மனச்சிதைவின் மரபியலைத் தென்னிந்திய மக்களிடையே தேடினர். 2019இல் வெளியான அவ்வாய்வு சுட்டிய மரபணு, உடல் நியாசினைக் கையாளும் வழியோடு தொடர்புடையது. ஒரே ஆய்வைக் கொண்டு முடிவு கட்டலாகாது, மேலாய்வு வேண்டும். ஆனால் உலக மரபியல் தரவுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்தே வந்திருக்கும் நிலையில், நம் மக்களை நம் மண்ணில் ஆராயும் இத்தகைய பணிக்கு அரசின் நிதி தாராளமாகச் செல்ல வேண்டும்.

அறிவியல் இவ்வளவு தொலைவு வந்தபின்னும் நம் வீடுகளில் டேவன்போர்டின் தீர்ப்பே செல்லுபடியாகிறது. பெண் பார்க்கும் முன் அந்த வம்சத்தில் யாருக்கேனும் புத்தி பேதலித்ததுண்டா என்று விசாரிக்கிறோம். அக்காளுக்கு நோய் என்று தெரிந்தால் தங்கையின் திருமணம் நிற்கிறது. ஆகவே குடும்பம் நோயை மறைக்கிறது. திருமணத்துக்குப் பின் மாத்திரையைப் புகுந்த வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாத பெண் மருந்தை நிறுத்துகிறாள், நோய் திரும்புகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்ற பழியோடு தாய்வீட்டு வாசலில் விடப்படுகிறாள். இது புனைவன்று. மணவாழ்வு முறிந்த, மனச்சிதைவுற்ற பெண்களைப் பற்றி ஆர். தாராவும் ஸ்கார்ஃப் ஆய்வாளர்களும் 2003இல் எழுதியதைப் படித்தவர்கள் அறிவர்: பெரும்பாலோர் சட்டப்படி விலக்குப் பெறாமலும், கணவரிடமிருந்து வாழ்க்கைப்பொருள் பெறாமலும், முதிர்ந்த பெற்றோரின் நிழலில் காலம் கழித்தனர். தமக்குப் பின் இவளுக்கு யார் என்பதே அப்பெற்றோரின் கவலை.

நோயின் வாய்ப்பு மரபில் இருந்தாலும் அதை முற்ற வைப்பது இந்த மறைப்பும் தாமதமும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி கடும் மனநோயுற்றோரில் நால்வரில் ஏறக்குறைய மூவருக்குச் சிகிச்சை எட்டவில்லை. எட்டாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை 2001 ஆகஸ்ட் 6 விடியலில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கண்டோம். மனநோயாளர் அடைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் கருகினர். அவர்களைச் சங்கிலியிட்டது எந்த மரபணுவும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95ஆம் பிரிவில், மனநோய்க்குச் சிகிச்சை என்று மலடாக்குவதையும் நோயாளியைச் சங்கிலியிடுவதையும் ஒருசேரத் தடைசெய்கிறது. ஒரு நூற்றாண்டின் இருவகைக் கொடுமைகளை அடுத்தடுத்த இரு வரிகளில் மறுக்கும் பிரிவு அது. அது ஏட்டோடு நின்றுவிடாமல் காப்பது மாவட்ட நிருவாகங்களின் பொறுப்பு.

சட்டத்தில் இன்னும் திருத்த வேண்டியவை உள. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மணவிலக்குக்கான காரணங்களில் மனநோயைச் சொல்கையில், விளக்கத்தில் மனச்சிதைவைப் பெயர் குறித்தே சேர்க்கிறது. நோய்ப்பெயர் மட்டும் போதாது, அதன் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் அச்சொல் அங்கே இருப்பதே குடும்பங்களை மறைப்புக்குத் துரத்துகிறது. தொழுநோயை மணவிலக்குக் காரணங்களிலிருந்து 2019இல் நீக்கிய நாடாளுமன்றம் இந்த விளக்கத்தையும் நீக்க வேண்டும். மரபியல் வாய்ப்பைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது சமத்துவ உரிமைக்கு மாறானது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2018இல் கூறியது. அமெரிக்கா 2008இலேயே வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபியல் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. நம்மிடம் அதற்கென ஒரு சட்டம் இன்னும் இல்லை.

அது விரைந்து வேண்டும் என்பதற்குக் காரணம் வாசலில் நிற்கிறது. கருக்களுக்கு மனநோய் வாய்ப்பு மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுத்துத் தரும் வணிகத்தை அமெரிக்க நிறுவனங்கள் சில தொடங்கிவிட்டன. மனச்சிதைவுக்கான அம்மதிப்பெண், நோய்க்கு ஆளாகும் தன்மையில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே விளக்குகிறது; அதுவும் ஐரோப்பிய வழியினரிடையே. நம் மக்களுக்கு அது இன்னும் பிழைபடும். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், அறியப்பட்ட மரபு நோய்களுக்காக மட்டும் கருவைச் சோதிக்க இடந்தருகிறது. மனநோய்க்கான மதிப்பெண்கள் அந்த இடைவெளியில் நுழையாதபடி, அவை அதில் அடங்கா என்று ஒன்றிய அரசு வெளிப்படையாக விதி வகுக்க வேண்டும். பெண் கருவைத் தேடி அழித்த கருவிகளை வணிகம் எவ்வளவு விரைவாக ஊர்தோறும் கொண்டுசேர்த்தது என்பதைக் கண்டவர்கள் நாம்.

தமிழ்நாடு அரசு செய்யத்தக்கது வேறு. கருவுற்ற பெண்ணின் தட்டில் விழும் உணவு பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளை நலத்துக்கும் ஆவது என்பதை நெதர்லாந்தும் சீனாவும் துயரத்தால் கற்பித்தன. ஆகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தையும் அங்கன்வாடிகளின் ஊட்டச்சத்தையும் மனநலச் செலவாகவும் கருதி, தவணைகள் தாமதமின்றிச் சேரக் காண வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் ஒருமுறை வரும் ஊர்களில், அவர் வராத நாட்களிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரை தீராமல் இருக்க வேண்டும். நோய் தணிந்தும் அழைத்துச் செல்ல ஆளின்றி அரசு விடுதிகளில் தங்கிவிட்டவர்களுக்கு ஊருக்குள் வாடகை வீடும், உடன் தங்கும் பணியாளரும், உழைப்புக்கேற்ற கூலியும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட வேண்டும்.